வினை இல்லை: திருவக்கரைக் கல்மரமும் ஒரு சோதனைக் குழாயும்

மேல்நிலை வகுப்பில் வேதியியல் படித்தவர்களுக்கு அந்த மூன்று பத்திகள் மறந்திருக்காது. செய்முறைக் குறிப்பேட்டின் பக்கத்தை ஸ்கேல் வைத்துப் பென்சிலால் மூன்றாகப் பிரிப்போம். முதல் பத்தியின் தலைப்பு 'சோதனை', இரண்டாவதன் தலைப்பு 'காண்பது', மூன்றாவதன் தலைப்பு 'அறிவது'. உப்புடன் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்க்க வேண்டும், இது சோதனை. நுரைத்துப் பொங்கி நிறமற்ற வாயு வெளியேறுகிறது, அது சுண்ணாம்பு நீரைப் பால்போல் மாற்றுகிறது, இது காண்பது. கார்பனேட் இருக்கலாம், இது அறிவது. இடமிருந்து வலமாக எழுத வேண்டிய இந்த வரிசையை எங்களில் பலர் வலமிருந்து இடமாகவே எழுதினோம் என்பதை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு ஒப்புக்கொள்வதில் தவறில்லை. தரப்பட்ட உப்பு எதுவென்று எப்படியோ முன்கூட்டித் தெரிந்துவிடும். மூன்றாம் பத்தி முதலில் நிரம்பும். பிறகு அதற்கு ஏற்ற காட்சியை இரண்டாம் பத்தியில் நாங்களே உண்டாக்கிக்கொள்வோம்.

இந்தப் பழக்கம் என்னிடம் ஒரே ஒருமுறை கையும் களவுமாகப் பிடிபட்டது. பிடித்துக் கொடுத்தது திருவக்கரையின் ஒரு கல்.

எண்பதுகளின் பிற்பகுதி. விழுப்புரம் தனி மாவட்டமாக இன்னும் பிரியாத காலம். 1993 வரை எல்லாம் தென்னார்க்காடுதான். நான் திண்டிவனத்தில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். ஆயாவின் வேண்டுதல் ஒன்றை நிறைவேற்ற ஒரு பௌர்ணமியன்று வக்கிரகாளியம்மனைப் பார்க்கத் திருவக்கரைக்குப் போனோம். திருஞானசம்பந்தர் பாடிய தலம் அது. மும்முகம் கொண்ட லிங்கம் சந்திரமௌலீசுவரராக வீற்றிருக்கும் கோயில். சங்கராபரணி என்றும் வராக நதி என்றும் சொல்லப்படும் ஆறு அருகே ஓடுகிறது. ஆனால் கூட்டம் திரள்வது காளிக்காக, அதிலும் பௌர்ணமி இரவின் சோதிக்காக.

சோதிக்கு நேரமிருந்தது. ஊருக்கு வெளியே செம்மண் மேட்டில் கிடந்த கல்மரங்களைப் பார்க்க ஆயா என்னை அழைத்துச் சென்றாள். வெட்டிச் சாய்த்த மரங்களைப் போலவே அவை கிடந்தன. கணு இருந்தது, ஆண்டு வளையம் இருந்தது, விரிந்து பிளந்த நார்கூட இருந்தது. தொட்டால் மட்டும் கல்.

"அசுரன் எலும்புடா இது. வக்கராசுரன அழிச்சப்போ சிதறினது" என்றாள் ஆயா.

எனக்கு அப்போது பதினாறு வயது; அறிவியல் படிக்கிறவன் என்ற மிதப்பு. ஆயாவுக்குத் தெரியாமல், வயலோரக் கால்வாயில் கிடந்த உள்ளங்கையளவுத் துண்டு ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அது எலும்பல்ல, சுண்ணாம்புக்கல் என்று மெய்ப்பிப்பதே நோக்கம். அது சுண்ணாம்புக்கல் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வெளிறிய நிறமும், கல்லாகிப்போன பழைய பொருள் என்றால் சுண்ணாம்புதான் என்ற அரைகுறைப் பாடநூல் அறிவும் போதுமானவையாக இருந்தன.

அடுத்த செய்முறை வகுப்பில், உப்புச் சோதனையை முடித்துவிட்டு, சுத்தியலால் தட்டி எடுத்த கல்மரத் துகள்களைச் சோதனைக் குழாயில் இட்டேன். அமிலத்தை ஊற்றுவதற்கு முன்பே குறிப்பேட்டில் எழுதிவிட்டேன்: 'நுரைத்துப் பொங்குகிறது. கார்பனேட்.' பிறகு ஊற்றினேன். எதுவும் நடக்கவில்லை. சூடேற்றினேன். துகள்கள் அமிலத்தின் அடியில் அப்படியே கிடந்தன. அடர் அமிலம் சேர்த்துப் பார்த்தேன். கல் அசையவில்லை.

ஆசிரியர் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. குறிப்பேட்டைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார்.

"பொங்குச்சா?"

"இல்ல சார்."

"அப்புறம் பொங்குதுன்னு எழுதியிருக்க?"

பதில் இல்லை. என் பேனாவை வாங்கி இரண்டாம் பத்தியை அடித்துவிட்டு, 'வினை இல்லை' என்று எழுதினார். மூன்றாம் பத்தியையும் அடித்தார்; அங்கே எதுவும் எழுதவில்லை. "இத நீதான் நிரப்பணும். அவசரமில்ல" என்றார். அந்தப் பத்தியை நிரப்புவதற்கு எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. நான் வேதியியலாளன் ஆகவில்லை. ஆனால் அந்த வெற்றிடம் காரணமாகத் தேடித் தேடிப் படித்தவற்றையே இங்கே நண்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

*

முதலில் வியப்பளித்த செய்தி, அந்தச் சோதனையை எனக்கு ஏறத்தாழ 320 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் செய்திருந்தார் என்பது. ராபர்ட் ஹூக் 1665இல் லண்டனில் வெளியிட்ட 'மைக்ரோகிராஃபியா' நூலைத் தக்கைத் துண்டில் 'செல்' என்ற சொல்லைக் கண்ட நூலாகவே நாம் அறிவோம். அதே நூலில் கல்லான மரத்தைப் பற்றியும் ஓர் இயல் உண்டு. ஹூக் அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிறார். கரித்துண்டோடும் உளுத்துப்போன மரத்தோடும் ஒப்பிடுகிறார். மரத்தின் நுண்துளைகள் அந்தக் கல்லிலும் அதே ஒழுங்கில் இருக்கின்றன. எடை கூடியிருக்கிறது, கடினமாகியிருக்கிறது, நெருப்பில் எரிவதில்லை என்று வரிசையாகக் குறிக்கிறார். பிறகு வடித்த காடியில் சில துளிகளை அதன்மேல் விடுகிறார். குமிழிகள் எழுகின்றன.

ஹூக்கின் கல் பொங்கியது. என் கல் பொங்கவில்லை. ஆனால் அவர் பார்த்த பிறகு எழுதினார். நான் எழுதிய பிறகு பார்த்தேன். இரண்டு கற்களுமே தத்தம் உண்மையைச் சொல்லியிருக்கின்றன. புதைந்த மரத்தில் ஊறும் நீர் எந்தத் தாதுவைச் சுமந்து வருகிறதோ அதுவே மரத்தினுள் படிகிறது. சில இடங்களில் அது கால்சியம் கார்பனேட். அது அமிலம் பட்டால் கரைந்து பொங்கும். திருவக்கரையில் அது சிலிக்கா. மணலும் படிகக்கல்லும் எந்தப் பொருளோ அதே பொருள். ஆய்வகத்து அமில வரிசையில் இருந்த எதற்கும் அது மசியாது. அதைக் கரைக்கவல்ல ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தைக் கண்ணாடிப் புட்டியில் வைக்க முடியாது. கண்ணாடியும் பெரும்பகுதி சிலிக்காதான் என்பதால் புட்டியையே தின்றுவிடும். ஆக, என் சோதனைக் குழாயின் அடியில் கிடந்த துகளும் அதைத் தாங்கியிருந்த குழாயும் உறவுமுறைப் பொருள்கள். இரண்டின்மீதும் அந்த அமிலத்துக்கு அதிகாரம் இல்லை.

ஹூக்கின் முடிவில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. மரம் கல்லாக 'மாறியது' என்று அவர் சொல்லவில்லை. கல்துகள் கலந்த நீரில் மரம் ஊறி, அத்துகள்கள் அதன் நுண்துளைகளுக்குள் புகுந்து நிறைந்தன என்றே கருதினார். செம்பைப் பொன்னாக்கும் ரசவாதம் மதிப்போடு இருந்த நூற்றாண்டில், ஒரு பொருள் இன்னொன்றாக உருமாறிவிட்டது என்று எழுதுவது எளிதாகவே இருந்திருக்கும். அவர் அதைத் தவிர்த்தார்.

*

திருவக்கரைக் கல்மரங்களை முதலில் எழுத்தில் பதிவுசெய்தவர் என்று பிரெஞ்சு இயற்கையியலாளர் பியேர் சொனராவின் பெயரே சொல்லப்படுகிறது. புதுச்சேரியில் தங்கி இப்பகுதியைச் சுற்றிப் பார்த்த அவருடைய பயணநூல் 1782இல் பாரிசில் வெளிவந்தது. நம் காடுகளின் சாம்பல் நிறக் காட்டுக்கோழிக்கு அறிவியல் பெயரில் ஒட்டியிருப்பது இவருடைய பெயர்தான். பிற்கால ஐரோப்பிய நூல்களில் இவ்வூர் 'திரிவிக்கரி' என்று சிதைந்த வடிவில் வருகிறது.

அடுத்த நூற்றாண்டில் இப்பகுதிக் கல்மரம் ஜெர்மனியின் ஜேனா நகரத்தை எட்டியது. தாவரங்கள் யாவும் செல்களால் ஆனவை என்று 1838இல் எழுதிய ஷ்லைடனும், அங்கே கனிமவியல் கற்பித்த ஷ்மிட்டும் சேர்ந்து 1855இல் சிலிக்கா மரங்களின் இயல்பு குறித்து ஒரு நூல் வெளியிட்டனர். ஒருவர் செல்லைப் பார்த்தவர், மற்றவர் கல்லைப் பார்த்தவர். இந்தப் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான கூட்டணி அமைவது அரிது. அதில் ஷ்லைடன் இட்ட பெயர்களில் ஒன்று ஷ்மிட்டின் பெயரைத் தாங்கியது. 1931இல் பீர்பால் சாஹ்னி இந்தியாவின் தொல்தாவரங்களை மறு ஆய்வு செய்தபோது அதை 'மெசெம்பிரியாக்சைலான் ஷ்மிடியானம்' என்று மாற்றியமைத்தார். பூக்காத, கூம்பு தாங்கும் மரவகை அது. இன்றைய பொடோகார்ப்பஸ் குடும்பத்தோடு ஒப்புமை உடையது.

கல்லைக் காகிதத்தைவிட மெல்லிய சீவலாகத் தேய்த்து, ஒளி ஊடுருவும்படி செய்து நுண்ணோக்கியில் பார்க்கும் முறை பிரிட்டனில் பிறந்தது. அதைக் கொண்டு தொல்மரங்களை ஆராய்ந்து ஹென்றி விதம் 1831இல் நூல் வெளியிட்டார். திருவக்கரை மரங்களுக்குக் குடும்பப் பெயர் கிடைத்ததும் இம்முறையால்தான். இருபதாம் நூற்றாண்டின் ஆய்வுகள் புளியும் கொன்றையும் அடங்கிய அவரை இனத்தையும், ஆமணக்குக் குடும்பத்தையும், மழைக்காடுகளில் ஓங்கி வளரும் டிப்டெரோகார்ப்பஸ் குடும்பத்தையும் அங்கே அடையாளம் கண்டன. இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு இன்றைய திருவக்கரையைப் பார்த்தால் திகைப்பாக இருக்கிறது. செம்மண் மேடு, வேலமரம், பனை. டிப்டெரோகார்ப்பஸ் வகைப் பெருமரங்களைக் காண இன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளுக்குப் போக வேண்டும். தென்னிந்தியாவில் இயல்பாக வளரும் ஒரே கூம்புதாங்கி மரமும் அம்மலைக் காடுகளில்தான் எஞ்சியிருக்கிறது. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் என்று பொதுவாகக் கணக்கிடப்படும் அந்தக் காலத்தில் இப்பகுதியின் மழை வேறு, காடு வேறு.

அந்தக் காடு திருவக்கரையிலேயே நின்றிருந்ததா என்று கேட்டால், கல்மரங்கள் வேறு விடை தருகின்றன. அவை நிற்கவில்லை, படுத்திருக்கின்றன. கிளைகள் இல்லை, வேர்கள் இல்லை, பட்டையும் உரிந்திருக்கிறது. வெள்ளம் வேறெங்கிருந்தோ அடித்து வந்து மணலில் புதைத்த மரங்கள் இவை என்று புவியியலாளர்கள் முடிவுசெய்தது இதனால்தான். கடலூர் மணற்கல் என்று பெயர் பெற்ற அப்படிவத்தினுள் அவை புதைந்து கிடந்தன. 'கல்லான காடு' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது ஒரு பழைய வெள்ளம் விட்டுச் சென்ற குவியல்.

*

மறுவாரம் ஆசிரியர் எனக்கென்று ஒரு புட்டியை எடுத்து வைத்திருந்தார். சோடியம் சிலிக்கேட் கரைசல், பாகுபோல் கெட்டியானது. கண்ணாடி நீர் என்றும் சொல்வார்கள். அதை நீர்த்துச் சோதனைக் குழாயில் ஊற்றி, நீர்த்த அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கச் சொன்னார். சில நிமிடங்களில் குழாயிலிருந்த நீர் உறைந்தது. தலைகீழாகக் கவிழ்த்தேன், விழவில்லை. தெளிந்த நுங்குபோல் நின்றது. அதைக் கிளறிப் பார்த்துக்கொண்டே, "உன் கல்லு ஒரு காலத்துல இப்படித்தான் இருந்திருக்கும்" என்றார்.

பிறகு காய்ந்த முருங்கைக் குச்சியிலிருந்து மெல்லிய சீவல்களை எடுத்து, நீர்த்த கண்ணாடி நீரில் ஒரு வாரம் ஊறவைத்தோம். அமிலத்தில் தோய்த்து, கழுவி, உலர்த்தி, இடுக்கியால் பிடித்துச் சுடரில் காட்டினோம். பெரும்பாலானவை கருகி உதிர்ந்தன. ஒன்று மட்டும் எரிந்து முடிந்தபின்பும் சீவலின் வடிவிலேயே வெள்ளையாக நின்றது. நரம்புக்கோடுகள்கூடத் தெரிந்தன. நான் மூச்சுவிட்டதும் அது பொடிந்துவிட்டது.

குறிப்பேட்டை எடுத்து ஆர்வத்தோடு எழுதினேன்: 'மரம் கல்லாக மாறியது.' ஆசிரியர் அதையும் அடித்தார். "கல்லாச்சா? ஊதினா பறக்குது. நீ பாத்தது என்ன?" என்றார். நான் பார்த்தது ஒரு சாம்பல். அது தன் வடிவத்தைச் சிறிது நேரம் தாங்கி நின்றது. அதைத்தான் எழுதினேன்.

நாங்கள் செய்தது பழைய சோதனையின் எளிய வடிவம் என்று பின்னாளில் படித்தபோது தெரிந்தது. பிரெஸ்லாவில் இருந்த கோப்பெர்ட் 1830களில் தாவரப் பகுதிகளைத் தாது கரைந்த நீரில் ஊறவைத்து, பிறகு சுட்டு, உயிர்ப்பொருள் எரிந்தபின் வடிவம் மட்டும் எஞ்சுவதைக் காட்டினார். 1861இல் தாமஸ் கிரஹாம் சோடியம் சிலிக்கேட்டையும் அமிலத்தையும் கலந்து, உப்பைச் சவ்வின் வழியே வெளியேற்றி, தூய சிலிசிக் அமிலக் கரைசலைப் பெற்றார். அது நாளடைவில் தானே கூழாக உறைவதை விவரித்த அதே ஆய்வில்தான் 'கொலாய்டு' என்ற சொல்லையும் தந்தார்.

மரம் எதற்காகச் சிலிக்காவை ஏற்க வேண்டும் என்ற கேள்விக்கு 1976இல் ஹார்வர்டின் லியோவும் பார்கூர்னும் விளக்கம் தந்தார்கள். மரத்தின் செல்லுலோசிலும் லிக்னினிலும் உள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் நீரில் கரைந்திருக்கும் சிலிசிக் அமில மூலக்கூறுகளை ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றிக்கொள்கின்றன. பற்றியவை ஒன்றோடொன்று இணைந்து செல்சுவரின்மேல் மெல்லிய படலமாகின்றன. மரம் மெல்ல மட்க, காலியாகும் இடத்தை மேலும் சிலிக்கா நிறைக்கிறது. மரம் தன் சிதைவுக்கு முன்பாகத் தானே ஓர் அச்சாக அமைந்துவிடுகிறது. பின்னர் நீண்ட காலத்தில் அந்தக் கூழ் நீரை இழந்து இறுகிப் படிகமாகிறது.

இதற்குக் கோடி ஆண்டுகள் வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். அதுவும் முன்கூட்டியே எழுதிய மூன்றாம் பத்திதான். ஜப்பானின் ததேயாமா எரிமலைப் பகுதியில் சிலிக்கா செறிந்த வெந்நீர் ஓடையில் மரத்துண்டுகளை இட்டுப் பார்த்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. ஏழே ஆண்டுகளில் அவற்றின் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு சிலிக்காவாக இருந்தது. ஆனால் எல்லா நீரும் வெந்நீர் ஊற்று அல்ல. சாதாரண ஆற்றுநீரில் லிட்டருக்குச் சராசரியாகப் பத்து மில்லிகிராமுக்குச் சற்று மேல்தான் சிலிக்கா இருக்கும். பத்து என்றே வைத்துக்கொண்டு அத்தனையும் மரத்தில் படிந்துவிடும் என்று கொண்டாலும், ஒரு கிலோ சிலிக்காவுக்கு ஒரு லட்சம் லிட்டர் நீர் அதன் வழியே ஊடுருவ வேண்டும். திருவக்கரையில் 15 மீட்டர் வரை நீளமுள்ள அடிமரங்கள் கிடக்கின்றன. அவற்றினூடே எவ்வளவு நீர், எவ்வளவு மெதுவாகக் கசிந்து சென்றிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கலாம். நெருப்பில் உதிர்ந்த என் முருங்கைச் சீவலுக்குக் கிடைக்காதது அந்த நீரும் அந்த நிதானமும்தான்.

*

ஆயாவின் கதையைப் பொய்ப்பிக்கக் கிளம்பியவன் நான். இப்போது யோசித்தால், அவளுடைய இரண்டாம் பத்தியில் தவறில்லை என்றே தோன்றுகிறது. அவை இந்த மண்ணின் கற்கள் அல்ல. ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பெரிய ஒன்றின் மிச்சம். ஏதோ ஒரு பேரழிவு அவற்றை இங்கே கொண்டுவந்து போட்டது. இவ்வளவும் கண்ணால் கண்டு சொன்னவை, சரியானவை. மூன்றாம் பத்தியில் அவளிடம் இருந்தது புராணம். என்னிடம் இருந்தது பாடநூலின் அரைப்பக்கம். கல்லைப் பார்க்காமல் எழுதியவன் நான்தான், அவளல்ல.

திருவக்கரை மேடு இன்று இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் பொறுப்பில் தேசியக் கல்மரப் பூங்காவாகவும் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாகவும் பாதுகாக்கப்படுகிறது. சுமார் 247 ஏக்கர்; பல பிரிவுகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஆனால் புதைவுகள் வேலிக்கு உட்பட்டு நிற்பவை அல்ல. சுற்றுவட்டாரத்தில் கருங்கல் குவாரிகளும் ஜல்லி ஆலைகளும் இயங்கி வருகின்றன. ஒரு கல்மரத்தின் மதிப்பு அதன் கல்லில் மட்டும் இல்லை. எந்தப் படிவத்தில், எந்தத் திசையில், எவற்றின் பக்கத்தில் கிடந்தது என்பதில் பாதி இருக்கிறது. வெள்ளம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதைக்கூடக் கிடப்பு நிலையைக் கொண்டே ஆராய்கிறார்கள். இடம் பெயர்ந்தால் அந்தப் பாதி அழிந்துவிடும்.

அந்த இழப்பில் எனக்கும் உள்ளங்கையளவுப் பங்கு உண்டு. சோதனைகள் முடிந்த நாளில், "மிச்சத்த எடுத்த இடத்துலயே கொண்டுபோய்ப் போட்டுடு" என்றார் ஆசிரியர். சரி என்றேன், போடவில்லை. தேர்வு, கல்லூரி, வேலை என்று ஊர் மாறிக்கொண்டே இருந்தது. கல்லும் கூடவே வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அதை எடுத்துக்கொண்டு திருவக்கரைக்குப் போனேன். சோதிக்குக் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. பூங்காவில் படுத்திருந்த அடிமரம் ஒன்றின் முனையில் புதிதாக உடைத்த தழும்பு தெரிந்தது. வெளிப்புறம் வெயிலில் பழுத்திருக்க, உடைந்த இடம் மட்டும் வெளிறிப் பளபளத்தது. காவலரிடம் என் துண்டைக் காட்டினேன். அவர் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இது எங்க கெடந்தது சார்?"

கால்வாய் ஓரம் என்றேன். எந்தக் கால்வாய் என்று கேட்டார். நாங்கள் நின்ற இடத்திலிருந்து மூன்று பக்கமும் வயல், வாய்க்கால்கள் திசைமாறியிருந்தன. என்னால் கைகாட்ட முடியவில்லை.